மேற்கு வெயிலுக்கு நாலுகால் பந்தல்
வீடும் தோட்டமும்: வாசகர் கேள்வி பதில்

நிழல்பந்தல் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்களுடையது டெரஸ் வீடு (வரிசை வீடு). பின்முற்றம் மேற்கு பார்த்தது. 5 மீட்டர் அகலம், நாலரை மீட்டர் ஆழம் இடம் இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் சமையலறைச் சுவரில் கை வைக்க முடியவில்லை. மரத்தில் திறந்த பந்தல் போடலாம் என்று இருக்கிறோம். மேலே வரும் ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) எந்தத் திசையில் ஓட்டுவது? எவ்வளவு இடைவெளி? எவ்வளவு மரம் வாங்க வேண்டும்?
வாசகர், சிராங்கூன் கார்டன்ஸ்

பதில்: மரக்கணக்கு பிறகு. முதலில் சூரியன் போகும் வழி.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் வெயில் நேர் உச்சிக்கு வரும். ஜூனில் உச்சியிலிருந்து 22 பாகை வடக்கே, டிசம்பரில் 25 பாகை தெற்கே சாயும். அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, நம் கடிகாரம் இங்குள்ள உச்சிப்பொழுதோடு ஒத்துப்போவதில்லை. உச்சிவெயில் 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 1 மணிக்கு. அங்கிருந்து மணிக்கு 15 பாகை வீதம் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 4 மணிக்கு 45 பாகை உயரம், 5 மணிக்கு 30, 6 மணிக்கு 15.

ஆகவே ரீப்பர்கள் வடக்கு தெற்காக, அதாவது உங்கள் சுவருக்கு இணையாக ஓட வேண்டும். கிழக்கு மேற்காக ஓட்டினால் சூரியன் இடைவெளியின் நீளவாக்கிலேயே பயணம் செய்யும். காலை முதல் மாலை வரை கோடு கோடாக வெயில் இறங்கிக்கொண்டே இருக்கும். பந்தல் போட்டும் நிழல் இல்லை என்று சொல்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

25 x 50 மி.மீ. ரீப்பரைப் படுக்கவைக்காதீர்கள். 50 மி.மீ. பக்கம் நிமிர்ந்து நிற்கட்டும். 50 மி.மீ. இடைவெளி விட்டால் உச்சிவெயிலில் மூன்றில் ஒரு பங்கு நிழல்தான் கிடைக்கும்; முழுவதும் மறைவது 4 மணிக்கு. இடைவெளியை 25 மி.மீ. ஆக்கினால் உச்சியில் பாதி நிழல், 3 மணிக்குச் சற்று முன்பே முழு நிழல். மேலே கொடி ஏற்றும் எண்ணம் இருந்தால் 50 போதும், மீதியை இலை பார்த்துக்கொள்ளும். கொடி வேண்டாம் என்றால் 25தான்.

ஆனால் மேற்கு பார்த்த முற்றத்தில் 4 மணிக்கு மேல் கூரையை நம்பிப் பயனில்லை. பந்தல் 2.4 மீட்டர் உயரம், அதன் வெளிவிளிம்பு சுவரிலிருந்து 3.1 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். 4 மணிக்குத் தரையில் சுவரோரம் 70 செ.மீ. மட்டும்தான் நிழல். 5 மணிக்குச் சுவரில் 60 செ.மீ. உயரம் வரை வெயில் ஏறும், 6 மணிக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர் வரை. அந்த வெயில் பக்கவாட்டில் வருகிறது. பக்கவாட்டில்தான் மறைக்க வேண்டும். வெளிக்கால்கள் இரண்டுக்கும் நடுவே தரையிலிருந்து 60 செ.மீ. விட்டு, 2.1 மீட்டர் உயரம் வரை மூங்கில் திரையோ கொடியேற்றிய கம்பித் தட்டியோ வையுங்கள். அடியில் விட்ட 60 செ.மீ. காற்றுக்கு, அதை அடைத்தால் உள்ளே புழுங்கும். பின்வீட்டு மாடியே மாலை வெயிலை மறைக்கிறதா என்று ஒரு நாள் 4 மணி முதல் 6 மணி வரை பார்த்துவிடுங்கள். மறைத்தால் திரைச் செலவு மிச்சம்.

இனி மரம். செங்கால் (chengal) அல்லது பாலாவ் (balau) என்ற கடினமரம் கேளுங்கள். சுங்கை காடுட் பக்கம் மரக்கடைகளில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். மெராந்தி விலை குறைவு, வேலை செய்யவும் சுலபம். ஆனால் வெளியே மழையில் நிற்கும் மரம் அல்ல அது. மருந்தேற்றிய பைன் பரவாயில்லை, வெட்டிய முனை ஒவ்வொன்றிலும் மறுபடி மருந்து தடவினால்.

பந்தலைச் சுவரோடு போல்ட் அடித்து இணைக்க வேண்டாம். சுவரில் போடும் ஒவ்வொரு துளையும் நாளைக்கு நீர்க்கசிவு. நாலு காலில் தனியே நிற்கட்டும், கூரை விளிம்புக்கும் சுவருக்கும் 10 செ.மீ. இடைவெளியோடு. கால்கள் சுவருக்கு இணையாக 3 மீட்டர், குறுக்கே 2.4 மீட்டர் இடைவெளியில் (நடுவிலிருந்து நடு). நாலு பக்கமும் 30 செ.மீ. வெளியே நீட்டினால் கூரை 3.6 x 3 மீட்டர். இதற்கு 100 x 100 மி.மீ. கால் நான்கு, 2.4 மீட்டர் நீளத்தில். 50 x 150 மி.மீ. உத்தரம் இரண்டு, 3.6 மீட்டரில், 50 x 100 மி.மீ. கைமரம் ஆறு, 3 மீட்டரில், ரீப்பர் 3.6 மீட்டரில் 41, இடைவெளி 25 மி.மீ. என்றால் 61. கைமரத்தை 60 செ.மீ.க்கு ஒன்றாக வைத்தால் முதலும் கடைசியும் சரியாகக் கால்களுக்கு நேரே வரும். அப்படி வரவேண்டும், அந்தக் கைமரத்தில்தான் சாய்வுமுட்டு ஏறும். முட்டுக்கு 50 x 75 மி.மீ. மரத்தில் 85 செ.மீ. துண்டு எட்டு, ஒவ்வொரு காலிலும் இரண்டு திசைக்கு ஒவ்வொன்று. மேல்மூலையிலிருந்து இரு பக்கமும் 60 செ.மீ. தள்ளி, 45 பாகையில். முட்டில்லாத பந்தல் நன்றாகத்தான் நிற்கும், முதல் பெருங்காற்று வரும்வரை.

செங்கால் கனம். ஒரு உத்தரமே 25 கிலோவுக்கு மேல். தூக்க இரண்டு பேர், ஏணி இரண்டு. உத்தரத்தைப் போல்ட்டில் மட்டும் தொங்கவிடாமல் காலின் தலையில் 25 மி.மீ. ஆழத்துக்குத் தோள் வெட்டி, அதன்மேல் உட்காரவைத்து, காலுக்கு இரண்டு வீதம் 12 மி.மீ. தடிப்புள்ள 150 மி.மீ. போல்ட் போடுங்கள். எல்லா ஆணியும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடலோர வீடுகளுக்கு 316 ரகம், மற்ற இடங்களில் 304 போதும். சாதாரண இரும்பு துருப்பிடிப்பது ஒரு பக்கம். இந்த மரச்சாறோடு சேர்ந்து கறுப்புக் கோடாகவும் வழியும். முன்துளை போடாமல் திருகாணி முடுக்கினால் தலை முறிந்து கையில் வரும். 5 மி.மீ. திருகாணிக்கு 4 மி.மீ. துளை. நிமிர்ந்து நிற்கும் ரீப்பரைக் கைமரத்தில் பிடிக்க 90 மி.மீ. நீளம் தேவை; 41 ரீப்பருக்கு 246 திருகாணி, உடைவது போக 260 வாங்குங்கள்.

அடித்தளத்துக்கு 30 x 30 செ.மீ. குழி, 45 செ.மீ. ஆழம். கான்கிரீட் தரைமட்டத்துக்கு மேல் 5 செ.மீ. எழும்ப வேண்டும். கால்களை அதற்குள் புதைக்க வேண்டாம், தாங்கியில் நிறுத்துங்கள்; விவரம் அடுத்த பதிலில். நாலு குழிக்கும் சேர்த்து 0.18 கன மீட்டர். தண்ணீர் மட்டும் சேர்த்துக் குழைக்கும் 40 கிலோ கலவைப் பை பத்து. தோண்டுமுன் அங்கே கழிவுநீர்க் குழாயோ எரிவாயுக் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று வீட்டு வரைபடத்தில் பாருங்கள். பல டெரஸ் வீடுகளில் கழிவுநீர்க் குழாய் பின்முற்றத்தில்தான் ஓடுகிறது.

கேள்வி: நாலு வருஷத்துக்கு முன் போட்ட மரப்பந்தல். இரண்டு கால்கள் அடியில் மெத்தென்று ஆகிவிட்டன, பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. மேலே மரம் நல்ல நிலையில் இருக்கிறது. கால்களைக் கான்கிரீட்டுக்குள்தான் புதைத்திருந்தார்கள். பிரித்துப்போட வேண்டுமா?
வாசகர், அப்பர் தாம்சன்

பதில்: வேண்டாம். அடியை மட்டும் மாற்றலாம்.

கான்கிரீட்டுக்குள் விட்டால் மரம் பத்திரம் என்பது பரவலான எண்ணம். நடப்பது நேர்மாறு. கான்கிரீட் காயும்போது சுருங்கும், மரமும் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே காகிதக் கனத்துக்கு ஓர் இடுக்கு உண்டாகி, மழைநீர் இறங்கி, வெளியேற வழியில்லாமல் நிற்கும். ஆழத்தில் காற்று இல்லை, பூஞ்சை வளராது. மேலே மரம் காய்ந்துவிடுகிறது, அங்கேயும் வளராது. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது தரைமட்டத்தில்தான். கால்கள் எப்போதும் அங்கேயே முறிவதற்குக் காரணம் இது. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊரில் எந்த மரமும் அதற்கு நெடுநாள் தாங்காது. ஈர மரத்தின் வழியே கறையானும் மேலேறும்.

முதலில் மற்ற இரண்டு கால்களையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மேலே 3 மி.மீ.கூட இறங்காத முனை அடியில் ஒரு விரற்கடை இறங்கினால் அதுவும் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு காலாகச் செய்யுங்கள், இரண்டை ஒரே நேரத்தில் தொடாதீர்கள். காலின் இரு பக்கமும் உத்தரத்துக்கு அடியில் இரும்பு ஜாக் முட்டு கொடுத்து, சுமை காலிலிருந்து விடுபடும் அளவுக்கு இரண்டு மூன்று மி.மீ. மட்டும் உயர்த்துங்கள். அதிகம் தூக்கினால் எதிர்மூலை இணைப்பு பிளக்கும். மெத்தென்ற பகுதிக்கு மேல் குறைந்தது 10 செ.மீ. நல்ல மரம் போகும்படி அறுத்துவிடுங்கள். கான்கிரீட்டில் மாட்டிய கட்டையைத் துளைபோட்டுச் சிதைத்து முழுவதும் எடுத்த பிறகு, சுருங்காத சிமெந்துக் கலவையால் நிரப்புங்கள். அதன்மேல் அறுத்த உயரத்துக்கு ஏற்ற சிறு கான்கிரீட் பீடம் எழுப்புங்கள். பழைய கான்கிரீட்டில் 12 மி.மீ. கம்பி நான்கை எபாக்சிப் பசையால் நட்டு அதைச் சுற்றி ஊற்றினால்தான் பீடம் நகராது. பீடத்தின் மேல்பரப்பு நாலு பக்கமும் லேசாகச் சரியட்டும்.

காலை நிறுத்தத் துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கி போதும். ஆனால் மரத்தின் அடிமுனைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே 25 மி.மீ. வெற்றிடம் இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பெட்டி போன்ற தாங்கியில் தண்ணீர் தேங்கி, பழைய கதையே திரும்பும். அந்த வெற்றிடத்தால் இன்னொரு பயன், கறையான் மண்குழாய் கட்டி ஏறினால் கண்ணுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும். அறுத்த முனையில் மருந்தோ எண்ணெயோ இரண்டு முறை ஊறவிடுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த முனை வழியாகத்தான்.

கேள்வி: திறந்த பந்தலின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டால் மழைக்கும் ஆகும் அல்லவா? அனுமதி வேண்டுமா?
வாசகர், பிடோக்

பதில்: ஆகும். ஆனால் தகடு ஏறிய நிமிஷம் அது பந்தல் அல்ல, கூரை. எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும், தளப்பரப்பில் சேருமா என்ற கேள்விகள் எழும். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளையும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகளையும் வேலைக்கு முன்பே பாருங்கள். ஒப்பந்தக்காரர் "எல்லாரும் போடுகிறார்கள்" என்று சொல்வது அனுமதி ஆகாது. பொது நிர்வாகத்தில் உள்ள தரைவீட்டுத் தொகுதி என்றால் நிர்வாகக் குழுவின் சம்மதமும் தேவை.

விதிக்கு அப்பால் காற்றுக் கணக்கும் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் வரும் சுமத்ராக் காற்று மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் வீசும். 80 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ அழுத்தம் தரும். ரீப்பர் இடுக்கில் அது புகுந்து போய்விடும். 3.6 x 3 மீட்டர் தகட்டை அது அடியிலிருந்து 300 கிலோவுக்கு மேல் தூக்கப் பார்க்கும். முதல் பதிலில் சொன்ன அடித்தளம் ஒவ்வொன்றும் 100 கிலோ. மரம் 400 கிலோவுக்கு மேல். செங்கால் பந்தல் தாக்குப்பிடிக்கும். இலேசான அலுமினியச் சட்டத்துக்கு அதே குழி போதாது.

தகடு போடுவதென்றால் மீட்டருக்கு 10 செ.மீ. சரிவு வையுங்கள். வெயில் தாங்கும் பூச்சுள்ள பக்கம் மேலே வர வேண்டும். தலைகீழாகப் போட்டால் சில வருஷங்களில் மஞ்சளாகி நொறுங்கும். 3 மீட்டர் தகடு வெயிலுக்கும் மழைக்கும் இடையே 6, 7 மி.மீ. நீண்டு சுருங்கும். ஆணியைவிட 3, 4 மி.மீ. பெரிய துளையும் ரப்பர் வாஷரும் இல்லையென்றால் துளையிலிருந்து விரிசல் ஓடும். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் இந்தக் கூரையிலிருந்து 540 லிட்டர் இறங்கும். அது பக்கத்து வீட்டில் விழாமல் உங்கள் வடிகாலுக்குப் போக வேண்டும். மழைநீர் வாய்க்காலைக் கூரை விளிம்பில் மாட்டாதீர்கள். இலை அடைத்துத் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருக ஒரு வாரம் போதும். ஓரத்தில் தரையில் கூழாங்கல் பட்டை போட்டு நீரை அதில் விழவிடுவது நல்லது.

வெப்பம் குறையுமா என்றால், தெளிவான தகடு மழையைத்தான் தடுக்கும். நிழல் வேண்டும் என்றால் ரீப்பரை எடுக்காமல் அதன்மேல் தகடு போடுங்கள்.

கேள்வி: பந்தலில் ஏற்ற எந்தக் கொடி நல்லது? விரைவாக நிழல் வேண்டும், பூவும் வேண்டும், காயும் கிடைத்தால் மகிழ்ச்சி.
வாசகி, ஈசூன்

பதில்: மூன்றையும் ஒரே கொடியிடம் கேட்டால் ஏமாற்றம்தான். காய்க்கொடிகள் விரைவில் ஏறும், விரைவில் முடியும். புடலை, பாகல், அவரை இரண்டு மாதத்தில் பந்தலை மூடும். சில மாதம் காய்த்துக் காய்ந்துவிடும். மறுவிதை வளரும்வரை வெறும் கம்பிதான். புடலைக்கு 2.4 மீட்டர் உயரம் வேண்டும், இல்லையென்றால் காய் தலையில் இடிக்கும். பிஞ்சு நுனியில் சிறு கல் கட்டி நேராக்கும் வழக்கத்தை இங்கே தாராளமாகத் தொடரலாம். பாகல் பிஞ்சை விரல் நீளத்திலேயே காகிதப் பையில் மூடாவிட்டால் பழ ஈ முட்டையிட்டுவிடும்.

நிலையான நிழலுக்கு எங்கள் தேர்வு இரங்கூன் மல்லி. வெள்ளையாகப் பூத்து, இளஞ்சிவப்பாகி, சிவப்பாக முடியும், இரவில் மணக்கும். முரட்டுக் கொடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரிக்கோலோடு ஏற வேண்டும். நீலப்பூத் தன்பர்ஜியா இன்னும் முரடு. அதை மெல்லிய ரீப்பரில் ஏற்றாதீர்கள். மழையில் நனைந்த கொடியின் கனம் கம்பியையும் வளைக்கும். காகிதப்பூ பார்க்க அழகு, நிழல் குறைவு, முள் வேறு. மழைக்காலத்தில் இலைதான் மிஞ்சும். பேஷன் பழம் வேண்டும் என்றால் மஞ்சள் வகை. ஊதாப் பழ வகை மலைநாட்டுக்காரர், இங்கே கொடி ஓடும், காய்ப்பது அரிது. மஞ்சள் வகைக்கு மகரந்தம் சேர்ப்பது பெரிய கருவண்டு. அது மென்மரத்தில் துளைபோட்டுக் குடியிருக்கும். பைன் பந்தல் வைத்திருப்பவர்கள் இதையும் யோசிக்கட்டும்.

மேற்குத் திரைக்குச் சங்குப்பூ பொருத்தம். கனமில்லை, 2 மீட்டர் கம்பித் தட்டிக்கு ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டு செடி. சில மாதங்களில் அடி வெறிச்சோடும்போது பக்கத்தில் புது விதை ஊன்றிவிடுங்கள். வெற்றிலையை அங்கே வைக்காதீர்கள், மேற்கு வெயிலில் இலை கருகும்; அதன் இடம் பந்தலின் உட்புறக் கால்.

கொடி எதுவானாலும் தொட்டி 45 செ.மீ. வாயும் அதே ஆழமும் உள்ளதாக இருக்கட்டும். சிறு தொட்டியில் வைத்துவிட்டுப் பந்தல் மூடவில்லை என்று உரத்தைக் கொட்டுவதில் பயனில்லை.

கேள்வி: தோ பாயோவில் பத்தாவது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. வாசல் நடைபாதையில் தொட்டி வைத்து அவரைப் பந்தல் போடலாமா? மகன் கூடாது என்கிறான்.
வாசகி, தோ பாயோ

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி, அம்மா. தொட்டி வைக்கலாம், ஆனால் நடக்க 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும், தீ விபத்தில் எல்லாரும் ஓடும் வழி அது. தலைக்குமேல் பந்தல், கைப்பிடிச் சுவரில் துளை, மேலே கம்பி இழுத்துக் கட்டுவது, சுவர்மேல் தொட்டி, இவை நான்கும் கூடாது. கீழே ஆள் நடக்கிறார்கள்.

நீளத் தொட்டி ஒன்றில் ஒன்றரை மீட்டர் மூங்கில் குச்சிகளை எதிரெதிரே சாய்த்து உச்சியில் கட்டுங்கள். அதில் குத்தவரை (செடியாக நிற்கும் அவரை) ஏறாமலேயே காய்க்கும், கொடியவரை என்றால் நுனியைக் கிள்ளிக்கொண்டே வர வேண்டும். மூங்கிலைக் கணுவுக்குச் சற்று மேலே அறுத்தால் குழிவில் நீர் நின்று கொசு வரும். கணுவை ஒட்டியே அறுங்கள்.

நிஜப் பந்தல் ஆசை இருந்தால் வட்டாரத்துச் சமூகத் தோட்டத்தில் கேளுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005 முதல் நடத்தும் திட்டம் அது. பூங்காக்களில் தனியார் பயிரிட வாடகைக்கு விடும் பாத்தியும் உண்டு, 2.5 x 1 மீட்டர் அளவில்.

கேள்வி: புதுச் செங்கால் பந்தலிலிருந்து மழை பெய்யும்போதெல்லாம் பழுப்பு நீர் சொட்டி ஓடுகள் கறையாகின்றன. வார்னிஷ் அடித்தால் நிற்குமா?
வாசகர், புக்கிட் தீமா

பதில்: அது மரச்சாறு. சில மாத மழையில் தானாகவே குறையும், அதுவரை கீழே பழைய விரிப்புப் போடுங்கள். வார்னிஷ் வேண்டாம், வெயிலில் படலம் வெடித்து, இடுக்கில் நீர் புகுந்து, உரித்துத் தேய்க்கும் வேலை உங்கள் தலையில் விழும். மரத்தில் ஊறும் எண்ணெய் வகை நல்லது. அதையும் டிசம்பர் மழையில் பூசாதீர்கள், மழை குறைந்த பிப்ரவரியில் நாலைந்து நாள் காய்ந்த மரத்தில் பூசுங்கள். கூடவே போல்ட்டுகளை ஒரு சுற்று முடுக்குங்கள். புது மரம் காய்ந்து சுருங்கியதில் எல்லாம் தளர்ந்திருக்கும்.

கேள்வி: நிழல்துணி கட்டினோம். ஒவ்வொரு மழைக்கும் நடுவில் குளம் கட்டித் தொங்குகிறது.
வாசகர், செம்பவாங்

பதில்: நாலு மூலையும் ஒரே உயரத்தில் இருக்கிறது, அதுதான் காரணம். எதிரெதிர் மூலை இரண்டை உயரத்திலும் மற்ற இரண்டைக் குறைந்தது 60 செ.மீ. தாழ்வாகவும் கட்டி, இழுப்புத் திருகால் விறைப்பாக்குங்கள். வாரம் ஒருமுறை விறைப்பைப் பாருங்கள். துணி நனைந்தால் தளரும்.